ஓபரா பார்க்கத் தொடங்குவோருக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

ஓபரா என்றால் பாட்டாலேயே கதை சொல்லும் மேலைத்தேய மேடை நாடகம். முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. இணையத்தில் ‘ஓபரா’ என்று மட்டும் தேடினால் இணைய உலாவிதான் வந்து நிற்கும். கூடவே பாட்டின் பெயரையோ இசையமைப்பாளரின் பெயரையோ போடுங்கள். நான் முதல் நாள் அரை மணித்தியாலம் வீணாக்கியது இதில்தான்.

அடுத்ததாக வீணாக்கியது ஓர் இரவு முழுவதும். வாக்னர் என்ற இசையமைப்பாளர் எழுதிய ‘வல்கிரி’ என்ற ஓபராவில் குதிரைச் சவாரி இசை ஒன்று இருக்கிறது. விளம்பரங்களில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள், எனக்கும் அது பிடிக்கும். சரி, அதையே பார்ப்போம் என்று உப்புவெளி வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். அந்த இசை மூன்றாம் அங்கத்தின் தொடக்கத்தில்தான் வரும், அதற்கு முன்னால் இரண்டரை மணித்தியாலப் பாட்டு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பதினொரு மணிக்குக் கதிரையிலேயே தூங்கிப்போனேன். மகன் வந்து கணினியை மூடிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் பாடசாலை ஆசிரியை. மேலைத்தேய சங்கீதம் படித்தவள் அல்ல. தட்டுத் தடுமாறி வீட்டில் பார்க்கப் பழகி, பிறகு பாரிஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் ஒன்றை நேரிலும் பார்த்துவிட்டு வந்தேன். இடையில் பணமும் போனது, ஒரு வருடமும் போனது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. கதையை முதலில் வாசியுங்கள்

படம் பார்க்கிற பழக்கத்தில் ‘கதையைச் சொல்லிவிடாதே’ என்போம். ஓபராவுக்கு அந்தப் பழக்கம் உதவாது. கூத்துப் பார்க்கப் போகிறவர் அபிமன்யு சாவான் என்று தெரிந்துகொண்டுதான் பாயைச் சுருட்டிக்கொண்டு போகிறார். யார் ஆடுகிறார், எப்படிப் பாடுகிறார், அந்தச் சாவை எப்படிக் கொண்டுவருகிறார் என்று பார்க்கத்தான் விடியும்வரை இருக்கிறார். ஓபராவும் அப்படித்தான். கதை தெரியாமல் உட்கார்ந்தால் கண் முழுவதும் கீழே ஓடும் எழுத்திலேயே போய்விடும், காது வேலை செய்யாது.

எவ்வளவு வாசிப்பது? ஒவ்வோர் அங்கத்துக்கும் ஐந்தாறு வரி போதும். யாருக்கு யார்மேல் காதல், யாருக்குக் கோபம், கடைசியில் யார் சாகிறார். (பெரும்பாலும் யாரோ சாவார்.) இவ்வளவு போதும்.

கூத்து பழக்கமானவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. இசையமைப்பாளர் புச்சினியின் ‘லா போஎம்’ முதல் அங்கத்தில் கதாநாயகன் ரொடோல்ஃபோ, இருட்டில் சாவியைத் தேடும் பெண்ணின் குளிர்ந்த கையைப் பிடித்தபடி தன்னை அறிமுகப்படுத்திப் பாடுகிறான்: நான் யார், கவிஞன், என்ன செய்கிறேன், எழுதுகிறேன். அவள் பதிலுக்கு, என்னை மிமி என்பார்கள், ஆனால் என் பெயர் லூசியா என்று தொடங்குகிறாள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் அண்ணாவிமார் சொல்லிக்கொடுக்கும் வரவுப் பாட்டு இதுதானே! சபைக்கு வந்ததும் நான் இன்னார் என்று பாடிவிட்டுத்தான் மற்றக் கதை.

தெரிந்திருக்கவேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். கதையை நிறுத்திவிட்டு ஒருவர் மனதைக் கொட்டிப் பாடுவது ‘ஆரியா’. கதையை நகர்த்த, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் இழுத்துச் சொல்வது ‘ரெசிடேட்டிவ்’. பாட்டுப் பிரதிக்கு ‘லிப்ரெட்டோ’ என்று பெயர். பெண் குரலில் உயர்ந்தது சொப்ரானோ, அதற்குக் கீழே மெஸோ. ஆண் குரலில் தெனர், பரிடோன், பாஸ் என்று இறங்கிக்கொண்டு போகும். காதலன் அநேகமாகத் தெனர், அவனுக்குத் தடையாக நிற்பவன் அநேகமாகப் பரிடோன். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க வரும்.

2. எதில் தொடங்குவது

என் பரிந்துரை ‘லா போஎம்’. 1896இல் தூரின் நகரில் முதலில் மேடையேறியது. நான்கு அங்கம், இடைவேளையைக் கழித்தால் இரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. பாரிஸில் ஒரு மேல்மாடி அறை, நத்தார் இரவு, வாடகை கொடுக்கக் காசில்லாத நான்கு நண்பர்கள். அடுப்பெரிக்க விறகில்லாமல் ரொடோல்ஃபோ தான் எழுதிய நாடகத்தையே கிழித்து எரிக்கிறான். மிமிக்குக் காசநோய். கடைசி அங்கத்தில் அவளுக்கு மருந்து வாங்க ஒருத்தி காதுத்தோட்டை விற்கப் போகிறாள். கொலின் என்ற நண்பன் தன் பழைய கோட்டை அடகு வைக்க முடிவுசெய்கிறான். போவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்த்து இரண்டு நிமிடம் பாடுகிறான், நீ பணக்காரருக்கு முன் ஒருநாளும் முதுகு வளைந்ததில்லை என்று. பாஸ் குரல், உரக்கப் பாடுவதே இல்லை. அடகுக் கடைப் படியில் ஒருமுறையாவது நின்றவர்களுக்கு அந்த இரண்டு நிமிடத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

அது சோகம், வேண்டாம் என்றால் ரொசினியின் ‘செவில் நகரத்து நாவிதன்’ இருக்கிறது. 1816இல் வந்த முழு நகைச்சுவை. பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ (1791). பாம்பு, பறவை பிடிப்பவன், இரவின் ராணி எல்லாம் வரும். பாட்டுகளுக்கு நடுவில் வசனமும் பேசுவார்கள், அதனால் களைப்பு தெரியாது. பிசேயின் ‘கார்மென்’ (1875) உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும். பெயர் தெரியாமலே அந்த மெட்டுகளைக் கேட்டிருப்பீர்கள்.

அதே பிசே தன் 24 வயதில் எழுதிய ‘முத்துக்குளிப்போர்’ பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 1863இல் பாரிஸில் மேடையேறியது. கதை நடப்பது இலங்கையில்! மனுசன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. முத்துக்குளிப்பவர்களின் தலைவன் பெயர் சுர்கா, அவனுடைய நண்பன் நாதிர். மன்னாரில் அல்ல, இலங்கை முழுக்கத் தேடினாலும் சுர்கா என்றொருவரைக் கண்டுபிடிப்பீர்களோ தெரியாது. எல்லாரும் பிரம்மாவைக் கும்பிட்டுப் பாடுகிறார்கள். கோணேசர் கோயில் மலையடியில் வளர்ந்த எனக்கு, கடற்கரையில் பிரம்மாவுக்கு இவ்வளவு பெரிய கூட்டமா என்றிருந்தது.

ஆனால் ஒன்றில் எனக்கு வாயடைத்துப்போனது. கதாநாயகி லீலா முகத்தை மூடிக்கொண்டு பாறைமேல் நின்று பாடுவாள். அவள் பாடும்வரை கடலுக்குள் போனவர்களுக்கு ஆபத்து வராது என்பது நம்பிக்கை. எங்கள் முத்துக்குளிப்பில் சுறா வராமல் கடலைக் கட்ட மந்திரிக்கும் கடல்கட்டி என்றொருவர் இருந்தாரே, அவருடைய வேலைதான் அது. பிரதியை எழுதியவர்களுக்கு அது தெரிந்திருந்ததோ இல்லையோ, பொருந்தி வந்திருக்கிறது. முதல் அங்கத்தில் நாதிரும் சுர்காவும் சேர்ந்து பாடும் பாட்டை மட்டுமாவது தேடிக் கேளுங்கள், தெனரும் பரிடோனும் கைகோர்த்துப் போவதுபோல இருக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடியும் ஓபரா. இரண்டாவதாகப் பாருங்கள்.

வாக்னரை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள். ‘வல்கிரி’ அடங்கிய நான்கு இரவுத் தொடர் மொத்தம் ஏறக்குறைய 15 மணித்தியாலம். பிலிப் கிளாஸின் ‘சத்தியாக்கிரகம்’ (1980) காந்தியைப் பற்றியது, பாடுவது சமஸ்கிருதத்தில், வரிகள் கீதையிலிருந்து. நம்மவர்களுக்கு இது சுலபமாக இருக்கும் என்று நினைத்துப் பலர் இதிலே தொடங்குகிறார்கள். சுலபமில்லை. ஒரே வரி பத்து நிமிடம் சுழலும். நான்கைந்து பார்த்த பிறகு வாருங்கள். இலங்கைப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த தெனர் ஷான் பணிக்கர் 2018இல் லொஸ் ஏஞ்சலிஸில் அதில் காந்தியாகப் பாடினார். அதைச் சொன்னதும் எங்கள் ஆசிரியர் அறையில் இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான்.

3. வீட்டில் பார்ப்பது: செலவும் பொறிகளும்

காசில்லாமல் பார்க்க ‘ஓபராவிஷன்’ என்ற தளம் இருக்கிறது. ஐரோப்பாவின் பல அரங்குகள் சேர்ந்து நடத்துவது, யூடியூபிலும் வரும். முழு ஓபராக்கள், கீழே ஓடும் ஆங்கில வரிகளோடு. ஒரே ஒரு கவனம்: ஒவ்வொன்றும் சில மாதங்களுக்குத்தான் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். ‘பிறகு பார்ப்போம்’ என்று குறித்து வைத்தால் போச்சு.

காசு கொடுப்பதென்றால் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவின் சேவை பெரியது. மாதம் 15 டொலர் அளவு. முதலில் சில நாள் இலவசமாகப் பார்க்கவிடும் சேவைகளில் சேரும்போது, முடியும் திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். நான் எழுதவில்லை, மூன்று மாதம் காசு போனது. உங்கள் வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். பல அட்டைகளில் நாங்கள் சொன்னால்தான் திறப்பார்கள். டொலரை ரூபாவாக மாற்றும்போது வங்கி தன் பங்கையும் எடுக்கும்.

தமிழ் வரிகள் கிடைக்காது. யூடியூபின் தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தேன், காதல் பாட்டு சமையல் குறிப்புப்போல வந்தது. ஆங்கில வரிகளை வைத்துக்கொள்ளுங்கள், கதை தெரிந்திருந்தால் அதுவும் அடிக்கடி தேவைப்படாது.

டேட்டா பற்றி: இரண்டரை மணித்தியால ஓபராவைப் படத்தின் தரத்தைக் குறைத்து 480இல் பார்த்தால் ஒன்றரை ஜிபி அளவு போகும். படத்தைக் குறையுங்கள், ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். போனின் சொந்த ஸ்பீக்கரில் ஓபராவைக் கேட்டால் யாரோ கத்துவதுபோலத்தான் இருக்கும். நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும்.

காரணம் இருக்கிறது. ஓபராப் பாடகர்கள் ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிறார்கள். மேடைக்குக் கீழே அறுபது எழுபது பேர் வாத்தியம் வாசிக்கிறார்கள், அதையும் தாண்டிக் கடைசி வரிசைவரை குரல் போகவேண்டும். வாத்தியக்குழுவின் பலம் பெரும்பாலும் 500 ஹேர்ட்ஸ் (ஒலியின் உயரத்தைச் சொல்லும் அளவு) பக்கத்தில் இருக்கிறது. பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண்குரல், 3000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மையைச் சேர்த்துக்கொள்கிறது. வாத்தியங்கள் அங்கே மெலிந்திருப்பதால் குரல் வெட்டிக்கொண்டு வெளியே வரும். சின்ன ஸ்பீக்கரில் அந்தக் கூர்மை மட்டும் மிஞ்சும், உடம்பு காணாமல் போகும். ‘ஏன் இப்படிக் கத்துகிறார்கள்’ என்று என் மாமி கேட்டதற்குப் பதில் இதுதான். ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டேன், பிறகு கேட்கவில்லை.

ஒரே இருப்பில் முழுவதையும் பார்க்கவேண்டும் என்று சட்டமில்லை. ஒரு நாளைக்கு ஓர் அங்கம் பாருங்கள்.

4. நேரில் பார்க்க: முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

எனக்கு ஒரு வருடத்தைத் தின்றது இந்தப் படி. ஆசிரியர்களுக்கு நீண்ட விடுமுறை ஓகஸ்டில்தானே என்று எல்லாவற்றையும் ஓகஸ்டுக்குத் தயார்செய்தேன். அக்காவும் அங்கே மாநகரசபைக்கு அலைந்து விசாவுக்கு வேண்டிய கடிதம் எடுத்துவிட்டாள். எல்லாம் முடிந்து ஓர் அரங்கின் நிகழ்ச்சி அட்டவணையைத் திறந்தால் ஓகஸ்ட் முழுக்க வெறுமை. ஐரோப்பிய ஓபரா அரங்குகளின் பருவம் செப்டெம்பரில் தொடங்கி யூன் கடைசி, யூலை நடுப்பகுதியோடு முடிந்துவிடும். ஓகஸ்டில் கதவைப் பூட்டிவிட்டு எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

அக்கா போனில் கேட்டாள்: “என்னடி, ஒரு பாட்டுக் கச்சேரி எப்ப நடக்குது எண்டு பாக்காமலோ என்னைக் காகிதம் எடுக்கச் சொன்னனீ?” நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஓகஸ்டை விட்டால் வேறு வழியில்லை என்றால் கோடை விழாக்களுக்குப் போகலாம். இத்தாலியின் வெரோனாவில் பழைய ரோமானிய வெளியரங்கில் யூனிலிருந்து செப்டெம்பர் தொடக்கம்வரை நடக்கும். மேலே கற்படிகளில் உட்கார மலிவான டிக்கெட் உண்டு. உட்கார மெத்தை ஒன்று கொண்டுபோகவேண்டும், பகல் வெயிலில் சுட்ட கல் இரவிலும் ஆறாது. ஒஸ்திரியாவில் சால்ஸ்பேர்க் விழா இருக்கிறது, ஆனால் விலை கையைக் கடிக்கும். அதே நாட்டில் பிரெகென்ஸ் என்ற ஊரில் ஏரியில் மிதக்கும் மேடையில் நடத்துகிறார்கள், யூலையும் ஓகஸ்டும்.

மற்றபடி டிசம்பர்தான் எங்களுக்கு வாய்ப்பான மாதம். பாடசாலை விடுமுறை, அங்கே பருவத்தின் நடுப்பகுதி, நத்தாரை ஒட்டி ‘லா போஎம்’, ‘மந்திரப் புல்லாங்குழல்’, ‘ஹான்ஸலும் கிரெட்டலும்’ என்று புதியவர்களுக்குத் தோதானவை வரும். விமானக் கட்டணம் டிசம்பரில் ஏறிவிடும் என்பதும் உண்மை. உயர்தரப் பரீட்சைக் கடமை வந்து விழுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவத்தின் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலான அரங்குகள் மார்ச் முதல் மே வரைக்குள் அறிவித்துவிடும். உங்கள் திட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.

5. கடிதங்களும் விசாவும்

நான் போனது பிரான்ஸுக்கு, அதனால் அதைத்தான் சொல்கிறேன். மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) பெரும்பகுதி இதுவே. கணக்குக்கு ஒரு யூரோவை 350 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயுள்ளவர் செய்யவேண்டியது: உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தன் மாநகரசபையில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற வரவேற்புச் சான்றிதழ் எடுக்கவேண்டும். 30 யூரோ முத்திரை, சுமார் 10,500 ரூபா. சான்றிதழ் மறுக்கப்பட்டாலும் அந்தக் காசு திரும்பாது. வீட்டு ஆவணமும் வருமான ஆவணமும் கேட்பார்கள். ஒரு மாதம்வரை எடுக்கலாம். அதில் நீங்கள் வரும் திகதியும் போகும் திகதியும் எழுதப்பட்டிருக்கும், அதனால் முதலில் ஓபராத் திகதி, பிறகு சான்றிதழ். நான் இதைத் தலைகீழாகச் செய்துதான் முதல் 30 யூரோவைத் தொலைத்தேன். சான்றிதழின் மூலப்பிரதியைக் கூரியரில் எடுப்பியுங்கள், வாட்ஸப் படத்தோடு போய் நிற்காதீர்கள்.

நீங்கள் செய்யவேண்டியது:

கடவுச்சீட்டு. பத்து வருடத்துக்குள் எடுத்ததாக, திரும்பும் திகதிக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்கவேண்டும். புதிதாக எடுப்பதென்றால் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றில்லை, வவுனியாவிலும் கிளை அலுவலகம் இருக்கிறது.

பெயர். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். என் கடவுச்சீட்டில் ஓர் எழுத்துக் கூட, வங்கிக் கணக்கில் ஓர் எழுத்துக் குறைய. வங்கியில் திருத்தி, புதிய அறிக்கை எடுக்க இரண்டு கிழமை போனது. எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பு. பிறப்பு, விவாகப் பதிவுகள் தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுங்கள். பக்கக் கணக்கில் காசு வாங்குவார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பில் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே வரவேண்டும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

பணம். சான்றிதழோடு உறவினர் வீட்டில் தங்கினால் நாளொன்றுக்கு 32.50 யூரோ காட்டவேண்டும். 14 நாளுக்கு 455 யூரோ, அதாவது ஏறத்தாழ 1,60,000 ரூபா. ஹோட்டல் என்றால் நாளுக்கு 65 யூரோ. விண்ணப்பத்துக்கு முதல் கிழமை திடீரென்று பெரிய தொகை கணக்கில் விழுந்தால் கேள்வி வரும். சம்பளம் மாதாமாதம் விழுந்து சேர்ந்த கணக்கே நல்லது.

காப்புறுதி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, பயண நாட்கள் முழுவதுக்கும்.

வேலை. அரசாங்க ஊழியர் என்றால் வெளிநாட்டு விடுமுறை அனுமதி அதிபரிடமிருந்து தொடங்கி மேசை மேசையாகப் போகும். இரண்டு மாதமாவது வையுங்கள். படிவத்தைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் அது எங்கோ ஒரு கோப்புக்கடியில் கிடக்கும். கிழமைக்கொரு தடவை போய்த் தலையைக் காட்டுங்கள்.

விண்ணப்பத்தைப் ‘பிரான்ஸ்-விசாஸ்’ தளத்தில் நிரப்பி, நேரம் எடுத்து, கொழும்பில் விசா விண்ணப்ப நிலையத்தில் கைரேகையோடு கொடுக்கவேண்டும். விசாக் கட்டணம் 90 யூரோ, சுமார் 31,500 ரூபா. நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறு. பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்னிருந்து கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், இன்னும் பார்க்கவேண்டியிருந்தால் 45 நாள்வரை இழுக்கும். டிசம்பர்ப் பயணத்துக்கு நான் ஒக்டோபர் தொடக்கத்தில் கொடுத்தேன். இரவு பஸ்ஸில் போய், புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவி நேரே நிலையத்துக்குப் போனேன். காலை நேரம் எடுத்தால் அன்றிரவே திரும்பலாம்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் ஓபரா பார்க்க என்று தயங்காமல் சொல்லுங்கள். நான் வெட்கப்பட்டு ‘அக்காவைப் பார்க்க’ என்று மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தேன், அதுவும் உண்மைதான். ஆனால் எந்த நாளில், எந்த அரங்கில், என்ன என்று எழுதிய ஒரு பக்கத் திட்டம் இருந்தால் கடிதம் திடமாக நிற்கும்.

விமான டிக்கெட்டை விசாவுக்கு முன் காசு கொடுத்து வாங்கவேண்டாம், முன்பதிவுக் காகிதம் போதும்.

6. ஓபரா டிக்கெட்

எப்போது வாங்குவது? விசா வந்த பிறகு. பிரபலமான இரவுகள் அதற்குள் விற்றுத் தீர்ந்துவிடுமே என்று மனம் பதறும். ஆனாலும் பெரிய அரங்குகளுக்கு ஆட்கள் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட்டுகள் கடைசி நாட்களில் வந்துகொண்டே இருக்கும், தனி ஆளுக்கு ஓர் இடம் கிடைப்பது கஷ்டமில்லை. பயணத்தின் முதல் மூன்று நாளுக்குள் மட்டும் எடுக்காதீர்கள். டிசம்பரில் நேரவித்தியாசம் நாலரை மணித்தியாலம். அங்கே மாலை ஏழரைக்குத் திரை விலகும்போது உங்கள் உடம்புக்கு நடுச்சாமம்.

அரங்கின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். தேடும்போது முதலில் வந்து நிற்கும் தளங்களில் சில, அதே இருக்கையை இரண்டு மடங்கு விலைக்கு விற்பவை.

எங்கே உட்காருவது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இதிலும் மாட்டினேன். பழைய அரங்குகள் குதிரை லாட வடிவில் இருக்கும். பக்கவாட்டில் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வரிசைக் கதிரை. ‘மலிவு’ என்று நான் எடுத்தது அப்படியோர் அறையின் பின்வரிசை. மேடையின் இடப்பக்கத்து மூன்றிலொரு பங்கு மட்டும்தான் தெரிந்தது. மிமி செத்துக்கொண்டிருந்த கட்டில் வலப்பக்கம். எழுந்து நின்று, முன்னால் இருந்த வெள்ளைக்கார அம்மாவின் தலைக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்தேன். வாங்கும் பக்கத்தில் ‘பார்வை குறைவு’ என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததை நான்தான் வாசிக்கவில்லை.

அதே காசுக்கு மேல்மாடியில், நடுவில், முன்வரிசை கிடைத்தால் அதையே எடுங்கள். முகம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஒலி மேலே நன்றாக வரும், மேடை முழுவதும் கண்ணில் விழும். பாரிஸில் இரண்டு பெரிய அரங்குகள் இருக்கின்றன. பஸ்தீய் 1989இல் திறந்தது, 2,700 இருக்கை, புதிய கட்டடம் என்பதால் மேலிருந்தும் மறைப்பில்லாமல் தெரியும். கார்னியே 1875ஆம் வருடத்தது. அழகுக்குக் கார்னியே, பார்வைக்குப் பஸ்தீய். இரண்டிலும் வரிகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மேடைக்கு மேலே ஓடும். இளவயதினருக்குச் சலுகை உண்டு, பிள்ளைகளோடு போகிறவர்கள் விசாரியுங்கள்.

வியன்னா போகிறவர்களுக்கு அரச ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அன்றன்றைக்கு மலிவாக விற்பார்கள். கோயில் திருவிழாவில் மணிக்கணக்காய் நின்று பழகிய எங்களுக்கு அது ஒரு கஷ்டமா?

7. அன்றிரவு

என்ன உடுப்பது என்று கவலைப்படவேண்டாம். ஜீன்ஸும் வருகிறது, பட்டும் வருகிறது. நான் சேலைதான் கட்டினேன், உள்ளே குளிர் உடுப்பு, மேலே அக்காவின் தடித்த கோட்டு. அத்தான்தான் கேட்டார், “சாமத்தியவீட்டுக்கோ போறீர்?” என்று. அரங்கில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இடைவேளையில் ஒரு கிழவி மட்டும் வந்து கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

முக்கால் மணித்தியாலம் முன்னதாகப் போங்கள். திரை விலகிய பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள், இடைவேளைவரை வெளியே தொலைக்காட்சித் திரையில் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். பாரிஸில் ரயில் வேலைநிறுத்தம் எங்கள் ஊர் மின்வெட்டு மாதிரி, அன்று காலையே விசாரித்து வையுங்கள்.

கைதட்டுவது: இசைக்குழுவை நடத்துபவர் உள்ளே வரும்போது தட்டலாம். பெரிய ஆரியா முடிந்து வாத்தியமும் ஓய்ந்ததும் தட்டலாம். சந்தேகமிருந்தால் மற்றவர்கள் தொடங்கும்வரை பொறுங்கள். இருமல் மிட்டாயின் தாளை முன்பே பிரித்து வையுங்கள். ஒலிவாங்கி இல்லாத இடத்தில் அந்தச் சரசரப்பு எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் அன்றுதான் அறிந்தேன்.

இடைவேளையில் ஒரு கோப்பித்தண்ணி வாங்கும் காசுக்கு இங்கே குடும்பமாகச் சாப்பிடலாம். அக்கா கைப்பையில் இரண்டு ரோல்ஸ் வைத்துத் தந்திருந்தாள், வெளிப் படிக்கட்டில் நின்று சாப்பிட்டேன்.

போட்டுக்கொண்டு போகும் குளிர்க் கோட்டை அரங்கின் வாசலிலேயே கொடுத்து இலக்கத் தகடு வாங்கவேண்டும். முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அந்த மேசைக்குத்தான் ஓடுவார்கள். நீங்கள் பாடகர்கள் வணங்கி முடியும்வரை நின்று கைதட்டுங்கள், பிறகு வரிசையில் நில்லுங்கள். ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசி ரயிலின் நேரத்தை முதலே எழுதி வைத்திருங்கள். கொலினின் கோட்டுப் பாட்டை முணுமுணுத்தபடி என் கோட்டுக்காக அரை மணித்தியாலம் நின்று, அந்த ரயிலைப் புறப்பட ஒரு நிமிடம் இருக்கும்போது பிடித்தேன்.